நாடு மாறிய பிள்ளையும் மாறாத பாடசாலையும்

ஒரு நாட்டின் கல்விமுறையை அதன் முன்னணிப் பாடசாலைகளின் பரீட்சைப் பெறுபேறுகளைக் கொண்டு மதிப்பிடுவது பெருவழக்கு. அதனினும் பொருத்தமான அளவுகோல் ஒன்றுண்டு. ஆண்டின் நடுவே வேறொரு நாட்டிலிருந்து வந்து வகுப்பறை வாசலில் நிற்கும் பிள்ளையை அப்பாடசாலை எவ்வாறு ஏற்றுக்கொள்கிறது என்பதே அவ்வளவுகோல். முதலாந் தரத்திலிருந்து ஒரே பாதையில் வந்த பிள்ளைக்குப் பாடசாலையின் குறைகள் கண்ணுக்குப் புலப்படா. அவை அப்பிள்ளைக்குப் பழகிய குறைகள். புதிதாக வந்த பிள்ளையோ ஒவ்வொரு குறையிலும் இடறுகிறது. இடறியது பிள்ளையின் குற்றம் என்று கூறிவிடுதல் எளிது. கல்வியுலகம் பெரும்பாலும் அந்த எளிய வழியையே தேர்ந்துள்ளது.

நாடு மாறிய மாணவர் பற்றிப் பேசுவோரிடத்து இரண்டு கருத்துக்கள் மேலோங்கி நிற்கின்றன. பிள்ளைகள் தாமே பழகிவிடுவர் என்பது ஒன்று. எல்லாப் பிள்ளைகளையும் ஒரேவிதமாக நடத்தினாற் போதும் என்பது மற்றது. முன்னையது அனுபவத்தின் குரலாகவும் பின்னையது நீதியின் குரலாகவும் ஒலிக்கின்றன. இவ்விரண்டும் பாடசாலையைத் தன் கடமையிலிருந்து விடுவிக்கும் சாட்டுக்களேயன்றி வேறல்ல.

பிள்ளைகள் தாமே பழகிவிடுவர் என்னும் கூற்று அரை உண்மை. அரை உண்மையாதலாலேயே அது தீங்கு விளைக்கின்றது. விளையாட்டு முற்றத்திற் பிள்ளை பழகிவிடுவது மெய்யே. சில மாதங்களில் நண்பர்கள் வாய்ப்பர், பேச்சு வசப்படும். அதனைக் காணும் ஆசிரியர் பிரச்சினை தீர்ந்தது என நிறைவடைகிறார். கனடாவின் றொறன்ரோ நகரில் குடிவரவாளர் பிள்ளைகளின் கல்விநிலையை ஆராய்ந்த ஜிம் கமின்ஸ் என்னும் அறிஞர், 1979இலும் அதனையடுத்த ஆண்டுகளிலும் வெளியிட்ட ஆய்வுகளில் முக்கியமான வேறுபாடொன்றை எடுத்துக்காட்டினார். அன்றாட உரையாடலுக்கு வேண்டிய மொழி ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளிற் கைவரும். பாடநூலையும் வினாத்தாளையும் கையாளுதற்கு வேண்டிய மொழியிற் சக மாணவரை எட்டுதற்கோ ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் வரை செல்லும். பேச்சைக் கேட்டுப் பிள்ளை பழகிவிட்டது எனத் தீர்மானிக்கும் ஆசிரியர், எஞ்சிய ஆண்டுகளின் இடர்ப்பாட்டை அறிவுக் குறைவு என்றோ சோம்பல் என்றோ பதிவுசெய்கிறார். நோயைக் காணாத மருத்துவன் நோயாளியை நொந்துகொள்வது போன்றது இது.

ஒரேவிதமாக நடத்தினாற் போதும் என்னும் வாதத்திற்கு விடை 1974ஆம் ஆண்டிலேயே கிடைத்துவிட்டது. சான் பிரான்சிஸ்கோ நகரப் பாடசாலைகளில் ஆங்கிலம் அறியாத சீன வம்சாவழி மாணவர் ஏறத்தாழ 1,800 பேர் மேலதிக மொழியுதவி எதுவுமின்றி ஏனையோருடன் இருத்தப்பட்டனர். அதே கட்டடம், அதே பாடநூல், அதே ஆசிரியர், அதே பாடத்திட்டம். இதிற் பாரபட்சம் எங்கே என்று கல்வி நிருவாகம் வினவியது. லௌ எதிர் நிக்கொல்ஸ் என வழங்கும் அவ்வழக்கில் ஐக்கிய அமெரிக்க உயர் நீதிமன்றம், பயிற்று மொழியை விளங்கிக்கொள்ளாத மாணவருக்கு இவற்றையெல்லாம் ஒரே அளவில் வழங்குவது சமத்துவம் ஆகாது என ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. சமமற்ற நிலையில் உள்ளோரைச் சமமாக நடத்துவது, இருக்கும் சமமின்மையை நிலைநிறுத்துவதாகும் என்னும் உண்மை அங்கு சட்ட வடிவம் பெற்றது.

இவையெல்லாம் வேற்றுமொழிச் சூழலுக்குச் சென்ற பிள்ளைகளின் கதைகள்; தமிழ்நாட்டிலிருந்து இலங்கைக்கு மீளும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இவை பொருந்தா; அங்கும் தமிழ், இங்கும் தமிழ்; எனவே இடர்ப்பாட்டுக்கு இடமில்லை என்போர் உளர். இவ்வாதமே மற்றெல்லாவற்றிலும் கூர்ந்து நோக்கற்பாலது. ஏனெனில், வேற்றுமொழிச் சூழலுக்குச் சென்ற பிள்ளைக்கு உதவி தேவை என்பதையேனும் உலகம் ஒப்புக்கொள்கிறது. சொந்த மொழிக்கு மீண்ட பிள்ளைக்கு உதவி என்னும் சொல்லே விந்தையாகத் தோன்றுகிறது.

பாக்கு நீரிணையின் இரு கரைகளுக்குமிடையே பிள்ளைகள் கொண்டுசெல்லப்பட்ட வரலாறு புதியதன்று. 1964ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆந் திகதி கைச்சாத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் மலையக மக்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் உரியோர் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேர் 1974ஆம் ஆண்டு உடன்பாட்டினால் இரு நாடுகளுக்குமிடையே சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். இத்தொகைகளுடன் அவற்றின் 'இயற்கை அதிகரிப்பும்' சேர்த்துக்கொள்ளப்படும் என 1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் கூறிற்று. அந்த இயற்கை அதிகரிப்பு என்பது வேறெதுவுமன்று, பிள்ளைகளே. இராசதந்திர மொழியில் அவர்கள் ஒரு கணக்குத் தலைப்பாயினர். நீலகிரியிலும் பிற இடங்களிலும் இறக்கப்பட்ட அக்குடும்பங்களுக்கு அரச ஏடுகள் 'தாயகம் திரும்பியோர்' எனப் பெயரிட்டன. ஒருநாளும் கண்டிராத மண்ணுக்கு ஒரு பிள்ளை எவ்வாறு திரும்ப இயலும் என்பதை எவரும் வினவினாரல்லர். அயலவரோ அவர்களைச் 'சிலோன்காரர்' என்றே அழைத்தனர்.

1983ஆம் ஆண்டு வன்செயலின் பின்னரும், 1990இலும் 2006இலும் போர் மீண்டும் மூண்டபோதும், வடக்குக் கிழக்கிலிருந்து மக்கள் படகேறினர். மண்டபம் முதற்கொண்டு தமிழ்நாடெங்கும் நூற்றுக்கு மேற்பட்ட முகாம்கள் அமைந்தன. அங்கு பிறந்து, அங்குள்ள அரச பாடசாலைகளிற் பயின்ற ஒரு தலைமுறை உருவாயிற்று. அப்பாடசாலைகள் அப்பிள்ளைகளுக்குக் கதவு திறந்தமை நன்றியுடன் நினைக்கத்தக்கது. 2009இற் போர் முடிந்த பின்னர் குடும்பங்கள் சிறுகச்சிறுக மீண்டன. பெற்றோருக்கு அது மீட்சி. பிள்ளைகளுக்கோ அது முதன்முறையாக ஓர் அயல்நாட்டிற்குச் செல்லும் பயணம். தாத்தாவின் காணி எங்குள்ளது என்பதைக் கேள்வியால் மட்டுமே அறிந்த பிள்ளை, 'சொந்த ஊருக்கு வந்துவிட்டாய், இனி என்ன குறை' என்னும் வாழ்த்துடன் வகுப்பறைக்குள் அனுப்பப்படுகிறது.

அவ்வகுப்பறையில் நிகழ்வது யாது? விஞ்ஞான பாடத்தையே எடுத்துக்கொள்ளலாம். நானூறு மீற்றர் நீளமான வட்டப்பாதையை 100 செக்கனில் ஒரு முறை சுற்றித் தொடங்கிய இடத்திற்கே வந்துசேரும் ஓட்டவீரனின் சராசரி வேகம் யாது என ஆசிரியர் வினவுகிறார். தமிழ்நாட்டிற் பயின்ற பிள்ளை, செக்கனுக்கு 4 மீற்றர் என விடையெழுதுகிறது. அவ்விடை பிழை என வெட்டப்படுகிறது. பூச்சியம் என்பதே சரியான விடை. பிள்ளைக்குப் பௌதிகம் தெரியாதா? நன்றாகத் தெரியும். தமிழ்நாட்டுப் பாடநூலில் 'வேகம்' என்பது திசை கருதாத அளவு; திசையுடன் கூடியது 'திசைவேகம்'. இலங்கைப் பாடநூலில் திசை கருதாதது 'கதி'. திசையுடன் கூடியதே 'வேகம்'. ஒரே சொல் இரு கரைகளில் இருவேறு பொருளைச் சுட்டுகிறது. அறியாத சொல்லாயின் பிள்ளை கையுயர்த்திப் பொருள் கேட்கும். அறிந்த சொல்லாதலின் கேட்பதற்கு ஏதுமில்லை. தான் எங்கே தவறியது என்பதை அப்பிள்ளையும் அறியாது. திருத்திய ஆசிரியரும் அறியார். யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்குக் 'கெதியாய் வா' என்று தாய் அழைக்கும் குரலிலேயே கதி என்னும் சொல் வாய்த்துவிடுகிறது. கும்மிடிப்பூண்டி முகாமில் வளர்ந்த பிள்ளைக்கு அது வாய்த்திலது.

இஃது ஒரு சொல்லோடு முடிவதன்று. அங்கே இயற்பியல், இங்கே பௌதிகவியல். அங்கே வேதியியல், இங்கே இரசாயனவியல். முடுக்கம் ஆர்முடுகல் ஆகிறது; அழுத்தம் அமுக்கமாகிறது; ஆற்றல் சக்தியாகிறது; திறன் வலுவாகிறது. ஆக்சிசன் ஒட்சிசனாகவும் கார்பன் காபனாகவும் உருமாறுகின்றன. கணிதத்தில் இயற்கணிதம் அட்சரகணிதமாகவும் வடிவியல் கேத்திரகணிதமாகவும் கணம் தொடையாகவும் பெயர் பெறுகின்றன. கணித ஆசிரியர் முதன்முறையாகத் தொடை என்று கூறும்போது புதிய பிள்ளை சிரித்துவிட்டால், அது ஒழுக்கக்கேடாகக் கொள்ளப்படவுங் கூடும். கற்றதையெல்லாம் மனத்தினுள்ளே மொழிபெயர்த்துக்கொண்டே புதியதையுங் கற்கவேண்டிய இரட்டைச் சுமை அப்பிள்ளையின் மீது விழுகிறது. தமிழிலிருந்து தமிழுக்கு மொழிபெயர்க்கும் அச்சுமைக்குப் பெயரில்லை. பெயரில்லாதபடியால் அது கல்வித் திட்டங்களிலும் இடம்பெறுவதில்லை.

எது சரியான தமிழ் என்னும் பழைய வழக்கை இவ்விடத்து எழுப்புதல் பொருந்தாது. இலங்கையில் 1950களிலும் 1960களிலும் அரசகரும மொழித் திணைக்களத்தின் வழியாகக் கலைச்சொற்றொகுதிகளை ஆக்கிய அறிஞர்களின் உழைப்பு பெரிது. தமிழ்நாட்டிற் கலைச்சொல் ஆக்கியோரின் உழைப்பும் அத்தகையதே. இரண்டுந் தத்தம் வரலாற்றுச் சூழலில் உருவான முயற்சிகள். 1974இல் யாழ்ப்பாணத்திலும் 1981இல் மதுரையிலும் உலகத் தமிழாராய்ச்சி மாநாடுகள் நிகழ்ந்தன. தமிழ் கூறும் நல்லுலகின் ஒருமை மேடைதோறும் போற்றப்படுகிறது. ஆயினும் எட்டாந் தரத்துப் பிள்ளையொன்று கடல் கடந்து வரும்போது அவ்வொருமை எங்கேயோ மறைந்துவிடுகிறது. மேடையில் ஒன்றாயிருந்து வகுப்பறையில் இரண்டாய் நிற்கும் தமிழின் விலையைப் பிள்ளையே செலுத்துகிறது.

கலைச்சொல்லுக்கு அப்பாலும் தடைகள் உள. தமிழ்நாட்டின் கல்வியாண்டு யூன் மாதத்திற் தொடங்குவது. இலங்கையினது வழமையாக சனவரியிற் தொடங்குவது. எனவே வரும் பிள்ளையை எத்தரத்தில் இருத்துவது என்னும் வினா முதல்நாளே எழுகிறது. கீழ்த்தரத்தில் இருத்துவது பாதுகாப்பான தீர்வாகத் தோன்றும். தன்னிலும் இளையோருடன் அமர்த்தப்படும் பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு அது பலரறியக் கிடைத்த தோல்விச் சான்றிதழ். தமிழ்நாட்டு அரச பாடசாலைகளிற் சமயம் தனிப்பாடமன்று; இலங்கையின் க.பொ.த. சாதாரண தரத்திற் சமயமும் வரலாறும் கட்டாய பாடங்களாக இருந்து வந்துள்ளன. ஆறாந் தரத்திலிருந்து சக மாணவர் கற்றுவந்த சிங்களத்தின் எழுத்துக்களையே அப்பிள்ளை கண்டிராது. போதாக்குறைக்கு ஆவணச் சிக்கல் வேறு. இந்தியாவிற் பிறந்த பிள்ளையின் வம்சாவழிக் குடியுரிமை பதிவினாலேயே உறுதிப்படும். பெற்றோர் அதனைச் செய்துகொள்ளாதவிடத்து, அலுவலகங்களின் வாசலிற் கழியும் நாட்கள் பிள்ளையின் பாடநாட்களிலிருந்தே கழிக்கப்படுகின்றன.

பேச்சும் ஒரு தடையே. 'பேசுவது' என்னும் பிள்ளையைச் சுற்றிலும் 'கதைப்போர்' இருக்கின்றனர். 'சார்' என விளித்தவுடன் பின்வரிசையிலிருந்து சிரிப்பு எழுகிறது. அங்கே சிலோன்காரன் என்று பெயர் பெற்ற பிள்ளை இங்கே இந்தியாக்காரன் என்று பெயர் பெறுகிறது. இரு நாடுகளும் தத்தமக்குரியதன்று எனத் தள்ளிவிடும் பிள்ளைக்கு, வாய்மூடியிருத்தலே பாதுகாப்பு. வாய்மூடிய பிள்ளையைப் 'பிரச்சினை இல்லாத பிள்ளை' எனப் பாடசாலை மெச்சுகிறது.

இத்தகைய பிள்ளைகளை வரவேற்கும் முயற்சிகள் உலகில் இல்லாமலில்லை. உணவு விழா, உடை விழா, பல நாட்டுக் கொடிகள் என்பன பல நாட்டுப் பாடசாலைகளிற் பரவியுள்ளன. அன்பின் வெளிப்பாடு என்ற அளவில் அவை வேண்டுவனவே. ஆயின் ஒருநாள் மாலையணிவித்து மறுநாள் வினாத்தாளில் தோற்கவிடும் வரவேற்பு எத்தகையது? வீட்டுணர்வு என்பது பிள்ளை தன் மனத்தில் வரவழைத்துக்கொள்ள வேண்டிய உணர்ச்சியன்று. தான் கற்றுவந்தது இங்கும் செல்லுபடியாகும் எனப் பிள்ளை கண்கூடாகக் காணும்போது விளைவது அது. அதனை விளைவிக்கும் ஆற்றல் நேரசூசிக்கும் பாடக்குறிப்புக்கும் மதிப்பீட்டுக்கும் உண்டு, மாலைக்கு இல்லை.

சொந்த நாட்டிற்கும் சொந்த மொழிக்கும் மீளும் பிள்ளைக்குத் தனியேற்பாடு செய்வது எங்கும் கண்டறியாத செயல் என்பாருக்கு யப்பான் விடை கூறும். வெளிநாடுகளிற் பணிபுரிந்த யப்பானியரின் பிள்ளைகள் தாயகம் மீண்டபோது, அவர்களுக்கென ஒரு பெயரே வழங்கலாயிற்று. கிக்கொக்குஷிஜோ என்பது அது. அவர்களை ஏற்கும் பாடசாலைகள் எழுந்தன. 1978ஆம் ஆண்டிற் சர்வதேச கிறித்தவப் பல்கலைக்கழகத்தின் உயர்பாடசாலை இந்நோக்குடனேயே தொடங்கப்பட்டது. பல்கலைக்கழகங்கள் பல அவர்களுக்குத் தனி அனுமதி முறையை வகுத்தன. யப்பான் இவ்வளவு அக்கறை காட்டியமைக்குக் காரணம் யாது? அப்பிள்ளைகளின் பெற்றோர் பெருநிறுவன அலுவலரும் இராசதந்திரிகளுமாவர். தம் பிள்ளைகளின் இடர்ப்பாட்டை நாட்டின் பிரச்சினையாக மாற்றும் வலிமை அவர்களிடம் இருந்தது. முகாமிலிருந்து மீண்ட கடற்றொழிலாளியிடத்தும் கூலி விவசாயியிடத்தும் அவ்வலிமை இல்லை. எனவே அவர்தம் பிள்ளைகளின் இடர்ப்பாடு அவர்தம் பிள்ளைகளின் குறைபாடாகவே நின்றுவிடுகிறது. வழி தெரியாமையன்று காரணம். யாருடைய பிள்ளைகள் என்பதே காரணம். கல்விப் பிரச்சினையாகத் தோன்றுவது அடிப்படையில் வர்க்கப் பிரச்சினையாகவும் இருத்தல் இங்கு தெளிவாகின்றது.

போரினால் இங்கேயே இருந்த பிள்ளைகளும் பாடசாலையை இழந்தனரே, மீண்டோருக்கு மாத்திரம் தனிச்சலுகை ஏன் என்னும் வினா நேர்மையானது. அதனை ஒதுக்கிவிடுதல் தகாது. வன்னியிற் பதுங்குகுழியில் இருந்து படித்த பிள்ளையின் இழப்பு எவரினுங் குறைந்ததன்று. ஆயின் ஒருவருக்கு நேர்ந்த இழப்பு மற்றவருக்கு உதவி மறுப்பதற்கு நியாயமாகாது. மேலும், இங்கு வேண்டப்படுவது மற்றொரு பிள்ளையின் பங்கிலிருந்து எடுக்கப்படுவதுமன்று. வேகத்திற்கும் கதிக்கும் உள்ள வேறுபாட்டைக் கரும்பலகையில் எழுதிக்காட்ட ஆகும் செலவு ஒரு சுண்ணக்கட்டித் துண்டு. அவ்வேறுபாட்டை விளக்கக் கேட்கும் உள்ளூர்ப் பிள்ளையும் பௌதிகத்தை முன்னையினும் தெளிவாக அறிந்துகொள்ளும்.

தொகை சிறிதாயிற்றே என்பது இன்னொரு வாதம். ஒரு வகுப்பில் ஒருவரோ இருவரோதான் என்பது உண்மையாகலாம். தொகை சிறிதாயிருத்தலாலேயே அவர்களுக்காகக் குரலெழுப்ப ஒரு கூட்டம் இல்லை. கூட்டமாய் நிற்போருக்கே உரிமை என்பது சந்தையின் நியதியாகலாம். கல்வியின் நியதியாதல் கூடாது. 1945ஆம் ஆண்டு முதல் இலவசக் கல்வியைப் பெருமையாகப் பேசிவரும் நாட்டுக்கு அது சிறிதும் பொருந்தாது. பிள்ளையின் கல்வி, அது வாழும் நாட்டின் விழுமியங்களையும் அது வந்த நாட்டின் விழுமியங்களையும் ஒருங்கே மதிக்கச் செய்வதாக அமைய வேண்டும் என 1989ஆம் ஆண்டுச் சிறுவர் உரிமைச் சமவாயம் கூறுகிறது. இலங்கை அதனை 1991இலும் இந்தியா 1992இலும் ஏற்றுக்கொண்டன. ஏட்டில் ஏற்றதை வகுப்பறையில் மறுப்பது முரண்பாடாகும்.

செய்யத்தக்கவை அரியவையல்ல. வரும் பிள்ளையின் அறிவை, அது கற்ற சொற்களைக் கொண்டே முதலிற் சோதித்தல் வேண்டும். அதன் பின்னரே தரத்தைத் தீர்மானித்தல் வேண்டும். ஆவணங்கள் வந்துசேரும் வரை பிள்ளை வகுப்பறைக்குள் இருக்கவேண்டுமேயன்றி வெளியே அன்று. சிங்களத்திற்கும் சமயத்திற்கும் வரலாற்றிற்கும் மேலதிக வகுப்புக்கள் வேண்டும். வயதொத்த மாணவர் ஒருவர் சில மாதங்களுக்குத் துணையாயிருத்தல் நன்று. அத்துணை பாடத்திலும் அமைதல் வேண்டும். உணவு இடைவேளையோடு நின்றுவிடுதல் போதாது. புதிய பிள்ளையின் பேச்சை எள்ளுவது கேலிக்குரிய குறும்பன்று, கண்டிக்கத்தக்க தவறு என்பதை ஆசிரியர் முதல்நாளே உணர்த்துதல் வேண்டும். ஆசிரிய பயிற்சியில் இப்பொருள் இடம்பெறுதல் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, இரு நாட்டுக் கலைச்சொற்களையும் தரந்தோறும் பாடந்தோறும் அருகருகே நிறுத்திய சிறு கைந்நூல் ஒன்று ஆசிரியர் கையிலும் மாணவர் கையிலும் இருத்தல் வேண்டும்.

இக்கைந்நூலுக்காக அமைச்சின் சுற்றறிக்கையை எதிர்நோக்கியிருத்தல் தேவையற்றது. பல்கலைக்கழகங்களில் விஞ்ஞானம் பயில்வோர் உளர். கல்வியியல் பயில்வோர் உளர். தமிழ்ச் சங்கங்கள் உள. இரு நாட்டுப் பாடநூல்களும் எட்டாத பொருள்களல்ல. ஆண்டுதோறும் கலைவிழாவும் பட்டிமன்றமும் மலர் வெளியீடும் நடத்தும் சங்கங்கள், ஒரு விடுமுறைக் காலத்தில் ஆறாந் தரம் முதல் பதினொராந் தரம் வரையான சொற்பட்டியலைத் தொகுத்துவிடலாம். தமிழை வளர்ப்பது எப்படி என்னும் பட்டிமன்றத்தைவிட அப்பட்டியல் தமிழுக்கும் தமிழ்ப் பிள்ளைக்கும் அதிகம் பயன்படும். அத்தகைய எளிய பணியும் செய்யப்படாதவிடத்து, மொழிப்பற்று என்பது மேடைக்குரிய ஒலியாக மட்டும் எஞ்சும்.

நாடு விட்டு நாடு செல்லும் முடிவைப் பிள்ளைகள் எடுப்பதில்லை. ஒப்பந்தங்களும் போர்களும் வறுமையும் அம்முடிவை எடுக்கின்றன. தான் எடுக்காத முடிவின் முழுச் சுமையையும் தன்னந்தனியே சுமக்குமாறு பன்னிரண்டு வயதுப் பிள்ளையைப் பணிக்கும் பாடசாலை, தன்னை நடுநிலையானது என அழைத்துக்கொள்ளலாகாது. பிள்ளை ஏற்கனவே ஒரு கடலைக் கடந்து வந்துவிட்டது. எஞ்சிய தூரத்தைப் பாடசாலையே எதிர்வந்து கடத்தல் வேண்டும்.